இரண்டு முறை எழுதிய விடை

பெருமாளைக் கடல்வண்ணன் என்று ஐம்பது ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். கடலுக்கு அந்த வண்ணம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் விழிப்பேன். பதினெட்டு வயதில், புகுமுக வகுப்பில், இதே கேள்வியை இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டேன். அது ஒளி சம்பந்தப்பட்டது, பட்டப்படிப்பில் வரும் என்றார். பட்டப்படிப்புக்குப் போகும் வழியில் கணிதத் தேர்வு குறுக்கே படுத்திருந்தது. என்னால் தாண்ட முடியவில்லை. தோற்ற இரண்டாம் மாதம் திருமணம் ஆயிற்று. மூன்றாம் மாதம் ஹைதராபாத் வந்து சேர்ந்தேன். கடல் இல்லாத ஊர் ஆகையால் கேள்வியும் வெகுகாலம் அடங்கிக் கிடந்தது.

அறுபத்தாறாம் வயதில் அது மீண்டும் எழுந்தது. வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் பட்டத்துக்கு வயது வரம்பு இல்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் கணிதம் தேறாதவர்கள் முதலில் அடிப்படை இயற்கணிதத் தேர்வு ஒன்றை எழுதி, நூற்றுக்கு முப்பத்தைந்து பெற வேண்டும். பெற்றால் இடம் உண்டு, பெறாவிட்டால் இல்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கணிதம் அதே வழியில் அசையாமல் படுத்திருந்தது. நான் மட்டுமே இந்த முறை மூட்டுவலியோடு வந்திருந்தேன்.

என் கணவர் மௌலா அலிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணிதம் அவருக்கு மூச்சு விடுவது போன்றது. ஆகவே அவரையே குருவாகக் கொண்டேன். முதல் நாள் உணவு மேசையில் புத்தகத்தை விரித்தார்.

"எக்ஸ்னா என்னங்க?"

"தெரியாதது."

"தெரியாததை எதுக்கு எழுதணும்?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"இதுல எக்ஸ் ஏழுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப சொல்லிர வேண்டியதுதானே?"

"நீதாம்மா கண்டுபிடிக்கணும்."

"நாப்பத்தெட்டு வருஷமா உங்க மூக்குக்கண்ணாடி, சாவி, மாத்திரை எல்லாத்தையும் நான்தான் கண்டுபிடிக்கறேன். இது ஒண்ணையாவது நீங்க கண்டுபிடிங்க."

மூன்றாம் நாள் அவர், "இதுகூடவா தெரியல?" என்றார். நான் புத்தகத்தை மூடினேன். இல்லறமா இயற்கணிதமா என்று வந்தால் இல்லறமே பெரிது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. மறுவாரமே அவர் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போலாரத்தில் ஓர் ஆசிரியையின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, எதிரே இருந்த வேப்பமர நிழலில் செய்தித்தாளோடு அமர்ந்துவிட்டார். அதன்பின் செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு அந்த மரத்தடியில் அவரைக் காணலாம்.

ஆசிரியை பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கு வயது இளையவர். வெள்ளையர் காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'. 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. 'எதற்கு' என்பதற்குக் 'கைக்கு'. இந்த மூன்று சொற்களைக் கொண்டே ஒருவரை நல்வழிப்படுத்த முடியும் என்பதை அவரிடம்தான் கண்டேன்.

முதல் வகுப்பில் பலகையில் எழுதினார்: எக்ஸ் கூட்டல் ஒன்பது சமம் பதினான்கு.

"அம்மா, ஒம்பதை அந்தப் பக்கம் கொண்டு போங்க."

மரியாதையாகக் கொண்டுபோய்ப் பதினான்கோடு சேர்த்தேன். இருபத்துமூன்று வந்தது.

"நக்கோ! அந்தப் பக்கம் போனா சைன் மாறும். கூட்டல் கழித்தலாகும்."

"ஏன் மாறணும் டீச்சர்? இந்தப் பக்கம் இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தது?"

அவர் தராசு வரைந்தார், எடைக்கல் வரைந்தார். தலையாட்டினேன். ஆனாலும் அந்த ஒன்பது எந்தக் குற்றமும் செய்யாமல் குணம் மாறியது எனக்கு மனத்தாங்கலாகவே இருந்தது. அதற்கு விளக்கம் கிடைத்தது சைனிக்புரியில், எங்கள் கோஷ்டியில்.

எங்கள் குடியிருப்பின் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் காலையில் பெண்கள் பதினாறு பேர் கூடிப் பாசுரம் சேவிப்போம். எட்டு எட்டுப் பேராக இரண்டு வரிசை. ஒன்றை ஒன்று நோக்கி அமர்வோம். ஒரு வரிசை பாட்டின் முற்பாதியைச் சொல்ல, எதிர் வரிசை பிற்பாதியைச் சொல்லும். எங்கள் வரிசைக்கு எடுத்துக் கொடுப்பவள் நான். எதிர் வரிசைக்கு எடுத்துக் கொடுப்பவர் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர். என்னைவிட இரண்டு வயது சிறியவர். வாய் நிறைய 'அக்கா' என்று அழைப்பார். நான் சொல்லும் எதற்கும் உடன்படமாட்டார். நிறைவில் கோயில் மணி ஒலிக்கச் சாற்றுமுறை நடக்கும். அப்போது கடைசிப் பாட்டை இரண்டு முறை சொல்லுவோம். ஒரு முறை சொல்லிவிட்டு எழுந்துபோவது பரிமாறிய இலையிலிருந்து பாதியில் எழுவதைப் போன்றது. இந்த வழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். என் கல்வி அனைத்தும் இதில்தான் சிக்கியது.

ஒரு சனிக்கிழமை எங்கள் வரிசைப் பெண்மணி ஒருவர், மின்விசிறி எதிர்ப் பக்கம் இருக்கிறது என்று சொல்லி, எழுந்துபோய் அங்கே உட்கார்ந்துவிட்டார். அதுவரை, "எதிர் வரிசைக்காரங்க ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி பாடறாங்க" என்று என் காதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அரை மணி நேரத்தில், "இந்தப் பக்கம் வந்து கேட்டாத்தான் தெரியுது, நீங்க எவ்வளவு இழுக்கறீங்கன்னு" என்று உரக்கச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோபத்தினால் அன்று. பாடம் புரிந்ததனால்!

செவ்வாய்க்கிழமை ஓடோடிச் சென்றேன்.

"டீச்சர், சமக்குறியில ரெண்டு கோடு இருக்கில்ல, அது ரெண்டு வரிசை. இங்கேருந்து எழுந்து அங்கே போனா யாரா இருந்தாலும் சைன் மாறத்தான் செய்யும். எங்க கோஷ்டியிலயே பார்த்துட்டேன்."

நடந்ததைக் கேட்டுவிட்டு ஆசிரியை மெல்லத் தலையசைத்தார். "ஹவ்... உங்க கோஷ்டியில மைனஸ் ஆளுங்க நிறைய பேரா?"

"எதிர் வரிசை பூராவும்."

இரு பக்கமும் ஒரே எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம், ஆனால் ஒரு பக்கம் மட்டும் கூடாது என்ற விதிக்கு அவர் விளக்கமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வரிசைக்கு மட்டும் இன்னொரு கரண்டி சுண்டல் விழுந்த நாளில் எங்கள் மண்டபத்தில் நேர்ந்ததை நான் அறிவேன்.

இப்படிக் கணிதம் கைவந்துகொண்டிருந்த வேளையில்தான் ஆசிரியையின் சிவப்புப் பேனா என் நோட்டின் மேல் நின்றது.

"அம்மா, இங்க பாருங்க. எக்ஸ் சமம் ஏழு. கீழேயும் எக்ஸ் சமம் ஏழு. அடுத்த கணக்குலயும் ரெண்டு தடவை. கைக்கும்மா?"

"முடிவு வந்திருச்சில்ல டீச்சர், அதான்."

"முடிவு வந்தா ஒரு தடவை எழுதணும்."

"ஒரு தடவை எழுதிட்டு விட்டா நிறைவா இல்லையே."

சாற்றுமுறை வழக்கத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பை ஒரே பார்வையில் அடக்கிய குரல் வந்தது: "ஒரு விடையை ரெண்டு தடவை எழுதினா அந்தச் சமன்பாட்டுக்கு ரெண்டு மூலம் இருக்குன்னு அர்த்தம். இது சாதாரண சமன்பாடு. ஒண்ணுதான் இருக்கும். பேப்பர் திருத்தறவங்க உங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைப்பாங்க. நக்கோ."

இனிமேல் எழுதமாட்டேன் என்று வாக்களித்தேன். மனம் கேட்டது, கை கேட்கவில்லை. ஐம்பது ஆண்டுப் பழக்கம் விரல் நுனியில் குடியிருந்தது. கடைசியில் அவரே ஒரு விரதம் விதித்தார். விடை எழுதியதும் பேனாவுக்கு மூடி போட்டுவிட வேண்டும். அடுத்த கணக்குக்குத்தான் திறக்க வேண்டும். அன்றிலிருந்து என் கணக்குகளின் இடையிடையே 'டக், டக்' என்ற ஓசை கேட்கலாயிற்று. மரத்தடியிலிருந்த கணவர், உள்ளே பாக்கு வெட்டுகிறார்களோ என்று நினைத்தாராம்.

வயதுக் கணக்குகள் மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை. தந்தைக்கு இத்தனை வயது, மகனுக்கு இத்தனை வயது, ஐந்து ஆண்டு கழித்து அது இதைப்போல் இத்தனை மடங்கு என்று வரும். ஒருநாள் மகனுக்குக் கழித்தல் நான்கு வயது வந்தது. யோசித்துவிட்டு, 'மகன் இன்னும் பிறக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் பிறப்பான்' என்று எழுதி மூடி போட்டேன். ஆசிரியை சிரித்த சிரிப்பில் அவருடைய கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

"பிறக்காத பிள்ளைக்கு வயசு போட்டது நீங்க ஒருத்தர்தாம்மா!"

"பிறப்பே இல்லாதவனை நாங்க தினமும் தாலாட்டறோம் டீச்சர். எங்களுக்கு இது வித்தியாசமாப் படல."

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தபோது இயற்கணிதச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார். எனக்கு மனப்பாடம் என்றால் ராகத்தோடுதான் வரும். ஏ கூட்டல் பி அடைப்பின் வர்க்கத்தை மோகனத்தில் அமைத்தேன். நன்றாகவே அமைந்தது. விபரீதம் சனிக்கிழமை நிகழ்ந்தது. பாசுரத்தின் இரண்டாம் அடியை எடுத்துக் கொடுக்க வாய் திறந்தேன். "பிளஸ் டூ ஏபி" என்று வந்துவிட்டது. எங்கள் வரிசைப் பெண்கள் நான் எதை எடுத்துக் கொடுத்தாலும் சொல்பவர்கள். அத்தனை பேரும் கண்மூடி, கைகூப்பி, "பிளஸ் டூ ஏபி" என்று உருக்கமாகச் சொன்னார்கள்.

எதிர் வரிசைக்காரர்கள் அந்த வரியைப் புத்தகத்தில் தேடினார்கள். பிரசாதம் வாங்கும்போது தஞ்சாவூர் அம்மாள் அருகில் வந்தார்.

"என்னக்கா, புதுப் பாசுரமா? எந்தக் க்ஷேத்திரம்?"

மறைப்பானேன் என்று அனைத்தையும் சொன்னேன். தேர்வு, பட்டப்படிப்பு, கடலின் வண்ணம்.

"பெருமாளோட கலர் கடல்ல விழுந்திருக்கு. அவ்வளவுதானே? இதுக்குப் போய் ஸ்கூட்டர்ல போலாரம் வரைக்கும் போகணுமா?"

உண்மையைச் சொன்னால் அது நல்ல பதில். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

"ஜூலையில நான் காலேஜ் மாணவி. பாருங்க."

"நீங்க பாஸ் பண்ணிட்டா, அக்கா, நான் எங்க வரிசையை விட்டு உங்க பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன். நீங்க எடுத்துக் குடுக்கறதை அப்படியே சொல்றேன். போதுமா?"

"ஃபெயிலானா?"

"பிளஸ் டூ ஏபியை நாங்க எடுத்துக் குடுப்போம். நீங்க பின்னாடி சொல்லணும்."

சுண்டல் தொன்னையோடு மற்றப் பதினான்கு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்வாங்க வழியில்லை.

தேர்வு நாளன்று நெற்றியில் திருமண்ணும் கையில் மூடி போட்ட பேனாவுமாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்ற கண்காணிப்பாளர் என்னைக் கண்டதும் தெலுங்கில், "அம்மா, பேரண்ட்ஸ் பயட்ட உண்டாலி" என்று வெளியே கை காட்டினார். நுழைவுச்சீட்டை நீட்டினேன். அதிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தம் நாற்காலியிலிருந்த மெத்தையை எடுத்து என் பெஞ்சில் போட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

முதல் பத்துக் கணக்குகளை ஒழுக்கமாகச் செய்தேன். வரிசை மாறியவர்களுக்கெல்லாம் குறி மாற்றினேன். இரு பக்கமும் சமமாகப் பரிமாறினேன். ஒவ்வொரு விடைக்கும் ஒரே ஒரு வரி, உடனே மூடி. முன் பெஞ்சுப் பெண் மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வந்தது தந்தையும் மகனும். அரை மணி நேரம் போராடினேன். மகனுக்குக் கழித்தல் ஆறு வயது வந்தது. பிழை எங்கே என்று தேட நேரம் இல்லை. இன்னும் பிறக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நகர்ந்தேன். அதற்குப் பின் சில கணக்குகளைத் தொட முடியவில்லை; தொட்டவற்றில் சில என்னை முடிக்கவிடவில்லை.

கடைசிக் கணக்குக்கு வந்தபோது மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. எக்ஸ் வர்க்கம், கழித்தல் பத்து எக்ஸ், கூட்டல் இருபத்தைந்து, சமம் பூஜ்யம். இரண்டு காரணிகளாகப் பிரித்தேன். இரண்டும் 'எக்ஸ் கழித்தல் ஐந்து' என்றே வந்தன. எக்ஸ் சமம் ஐந்து என்று எழுதினேன். மூடியை எடுக்க இடக்கை போயிற்று. அந்நேரம் மணி அடித்தது.

அது மின்மணி அன்று. பியூன் ஒருவர் கையில் பிடித்து ஆட்டிய வெண்கல மணி. கடைசிக் கணக்கு, கடைசி வரி, மணியோசை. என் கை எந்த மண்டபத்தில் இருப்பதாக நினைத்ததோ அறியேன். மூடியை மேசைமேல் வைத்துவிட்டு, கீழே இன்னொரு முறை, எக்ஸ் சமம் ஐந்து என்று திருத்தமாக எழுதியது. அதைக் கண்டு பதறி, அந்த வரியை அடிக்கப் போவதற்குள் விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே கணவர் காத்திருந்தார்.

"எப்படி எழுதினே?"

"கடைசியில ரெண்டு தடவை எழுதிட்டேங்க."

அவர் கரும்புச்சாறு வாங்கித் தந்தார். பாதி குடித்த தம் குவளையையும் என்னிடமே தந்தார். நிலைமை அவ்வளவு மோசம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்று வாரங்கள் கழித்து முடிவு கைப்பேசியில் வந்தது. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. பூஜை அறையில் நின்றுகொண்டு அவரைப் படிக்கச் சொன்னேன்.

"முப்பத்தஞ்சு."

"எத்தனைக்கு?"

"நூத்துக்கு. பாஸ்."

நான் அசையவில்லை. அவர் பூஜை அறை வாசலுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, மறுபடியும் "பாஸ்" என்றார். அதன் பிறகே எனக்கு நம்பிக்கை வந்தது.

புளியோதரை செய்து எடுத்துக்கொண்டு போலாரம் போனேன். ஆசிரியை வினாத்தாளை வாங்கி, கடைசிக் கணக்கை அங்கேயே மீண்டும் எழுதச் சொன்னார். மறைக்காமல், தேர்வில் எழுதியபடியே, கடைசி வரியை இரண்டு முறை எழுதிக் காட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"அம்மா, இது இருபடிச் சமன்பாடு. இதுக்கு ரெண்டு மூலம். இந்தக் கணக்குல ரெண்டுமே அஞ்சு. ரெண்டு தடவைதான் எழுதணும். சம மூலங்கள்னு நான் நடத்தினேனே?"

நடத்தியிருந்தார். நான் அடிக்கோடும் இட்டிருந்தேன்; மறந்துபோனேன்.

"நான் திருத்தியிருந்தா ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு மார்க்கு போடுவேன். ஒண்ணை மட்டும் எழுதியிருந்தா உங்களுக்கு முப்பத்திநாலு."

பக்கத்திலிருந்த நாற்காலியில் அமர்ந்தேன். பிறகு மனச்சாட்சி விழித்துக்கொண்டது.

"டீச்சர், நான் தெரிஞ்சு எழுதல. அது பழக்கத்துல வந்தது. நியாயமாப் பார்த்தா நான் முப்பத்திநாலுதான்."

"நக்கோ நக்கோ. பேப்பர்ல விடை சரி. மார்க்கு உங்களோடது. மனசு கேக்கலைன்னா சம மூலக் கணக்கு பத்து தர்றேன், இங்கயே உக்காந்து போட்டுட்டுப் போங்க. இந்தத் தடவை தெரிஞ்சு எழுதுங்க."

போட்டேன். பத்துக் கணக்கு, இருபது விடை. என் வாழ்நாளில் அவ்வளவு நிறைவோடு எதையும் எழுதியதில்லை. மரத்தடியில் இருந்தவர் செய்தித்தாளின் விளம்பரங்களை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை தஞ்சாவூர் அம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. எதிர் வரிசையிலிருந்து எழுந்தார். மண்டபத்தின் நடுவே நடந்தார். என் அருகில் வந்து அமர்ந்தார். மின்விசிறியில்லாத பக்கம். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் என் காதோரம் குனிந்து, "அவா எவ்வளவு வேகமாச் சொல்றா பாருங்கோ அக்கா. அங்க இருந்தப்ப எனக்குத் தெரியவேயில்லை" என்றார்.

குறி மாறிவிட்டது. நான் வியக்கவில்லை.

பிரசாதம் வாங்கும்போது மெல்லக் கேட்டார்: "காலேஜ்ல அந்தக் கடல் சமாச்சாரம் சொல்லிக் குடுத்தா எனக்கும் சொல்லுங்கோ."

"அவர் கலர் விழுந்திருக்குன்னீங்களே?"

"விழுந்தது சரிதான். எப்படி விழுந்ததுன்னு தெரிஞ்சா தேவலை."

சேர்க்கை விண்ணப்பத்தை அன்று மாலையே உணவு மேசையில் வைத்து நிரப்பினோம். கட்டம் கட்டமாகக் கணவர் படிக்கப் படிக்க நான் எழுதினேன். விரும்பும் பாடம் என்ற இடத்தில் இயற்பியல் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கடைசியில், மாணவர் கையெழுத்து என்று ஒரு கோடு. அதன்மேல் ஒப்பமிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அதன் கீழே இன்னும் ஒரு கையெழுத்துக்கு வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

கணவர் என் விரல்களிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்து, மூடி போட்டு, தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.